தண்டப் பத்திரம் எழுதிவிட்டார்கள்: கட்டுவதா, வழக்காடுவதா?

யாழ்ப்பாணத்தில் வீதியில் வாகனத்தைப் பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதியதும் இளம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் வீட்டுக்குத் தெரியாமல் அடுத்த நாளே தபாலகத்தில் காசைக் கட்டிவிட்டு வருகிறார்கள். சிலர் "நான் ஒரு பிழையும் விடேல்லை, ஏன் கட்டவேணும்" என்று பத்திரத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். முதலாவது ஆட்களுக்குச் சில வேளை அநியாயமாக இரண்டாயிரம், மூவாயிரம் போகும். இரண்டாவது ஆட்களுக்குப் பிடியாணை வரைக்கும் போகலாம். வழக்காட நினைப்பவருக்கு, கட்டப் போகிறவரை விட தண்டம் கட்டத் தரப்படும் 14 நாளில் வேலை அதிகம். அந்த வேலை என்ன, எந்தத் தண்டத்துக்கு அதைச் செய்யலாம், எதற்கு வீண் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

முதலில் பத்திரத்தை வாசியுங்கள்

வீதியில் நின்று வாசிக்க வெட்கப்படாதீர்கள். பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், வாகன இலக்கம், இடம், திகதி, நேரம், குற்றம், தொகை, எழுதிய உத்தியோகத்தரின் இலக்கம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கையெழுத்து விளங்காவிட்டால் அங்கேயே கேளுங்கள்: "சேர், என்ன குற்றம் எண்டு எழுதியிருக்கிறீங்கள்?" இப்படி மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லுவார்கள். வடக்கில் அரச அலுவலை, பொலிஸ் அலுவல் உட்பட, தமிழில் நடத்துவது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்தில், வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அல்லது தமிழில் எழுதச் சொல்லுங்கள்.

லைசன்ஸை வாங்கிக்கொண்டு பத்திரம் தராமல் "பிறகு ஸ்டேசனுக்கு வா" என்றால் சம்மதிக்க வேண்டாம். அந்தத் தாள்தான் உங்களுடைய தற்காலிக அனுமதிப்பத்திரம். அது இல்லாமல் அடுத்த சந்தியில் மறித்தால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

இனி நாள் கணக்கு. தண்டம் எழுதிய நாளிலிருந்து 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டினால் பத்திரத்தில் உள்ள தொகை. அதைத் தாண்டி 28 நாளுக்குள் என்றால் இரட்டிப்பு. அதற்குப் பிறகு விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். தற்காலிக அனுமதியும் பத்திரத்தில் எழுதிய திகதிவரைதான். பதினைந்தாம் நாள் காலையில் அந்தத் தாளோடு ரியூசனுக்கு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டால், செல்லுபடியான எந்தப் பத்திரமும் இல்லாமல் ஓடுகிறீர்கள். சித்திரை வருடப்பிறப்பு, வெசாக் போன்ற நீண்ட விடுமுறைகள் நடுவில் வந்தால் தபாலகம் பூட்டியிருக்கும் நாட்களையும் கழித்துப் பாருங்கள். பத்தாம் நாளைத்தான் உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

2025 இல் கவ்பே (GovPay) என்ற அரச இணையக் கட்டண முறை வழியாகத் தண்டம் கட்டும் முறையும் தொடங்கியது. அப்படி வீதியிலேயே கட்டினால் லைசன்ஸையும் அங்கேயே திருப்பி வாங்கலாம். உங்களை மறித்த உத்தியோகத்தரிடம் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டினால் அலுவல் முடிந்தது. பிறகு வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்து "நான் செய்யேல்லை" என்று வழக்காட முடியாது. சந்தேகம் இருந்தால் வீதியில் வைத்துக் கட்டாதீர்கள், 14 நாள் இருக்கிறது.

எல்லாம் தபாலகத்தில் கட்டக்கூடிய குற்றங்கள் அல்ல

உடனடித் தண்டம் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் பட்டியலிட்ட சிறு குற்றங்களுக்கு மட்டும். 2018 இல் திருத்திய பட்டியலின்படி ஹெல்மெற் போடாதது, ஆசனப்பட்டி கட்டாதது, லைசன்ஸ் கைவசம் இல்லாதது, வருமான அனுமதிப்பத்திரம் (ரக்ஸ்) கைவசம் இல்லாதது, சமிக்ஞை விளக்கை மீறியது ஒவ்வொன்றும் 1000 ரூபாய். வீதி ஒழுங்கை மீறியது, பொலிஸ் உத்தியோகத்தரின் சைகைக்குக் கீழ்ப்படியாதது 2000. வேகம் 3000 ரூபாயில் தொடங்கி, மிஞ்சிய அளவு கூடக் கூட ஏறும்.

லைசன்ஸே இல்லாமல் ஓடியது, காப்புறுதி இல்லாமல் ஓடியது, மதுபோதையில் ஓடியது, மூடிய ரயில் கடவைக்குள் நுழைந்தது, ஆளுக்குக் காயம் ஏற்பட்ட விபத்து இவையெல்லாம் நேரே நீதவான் நீதிமன்றம். லைசன்ஸ் இல்லாமலும் காப்புறுதி இல்லாமலும் ஓடியதற்குக் குறைந்த தண்டமே 25,000 ரூபாய். போதைக்கும் விபத்துக்கும் லைசன்ஸே இடைநிறுத்தப்படலாம். இந்த வகையில் ஒன்று உங்கள் மேல் எழுதப்பட்டால் இந்தக் கட்டுரையை நம்பித் தனியே போகாதீர்கள். நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கும் முதல் நாளுக்கு, அதாவது முதல் தவணைக்கு, முன்னரே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.

18 வயது ஆகாத தம்பி தங்கைக்கு வாகனத்தைக் கொடுத்து அனுப்பினால் கொடுத்தவர் மேலும் வழக்கு வரும். "பக்கத்துக் கடைக்குத்தானே" என்பது அங்கே எடுபடாது.

"கைவசம் இல்லை" வேறு, "இல்லை" வேறு

இளம் சாரதிகள் அதிகம் மாட்டுப்படும் இடம் இதுதான். வீட்டில் பேர்ஸை மறந்து விட்டுவிட்டு வந்தால் குற்றம், லைசன்ஸைக் கைவசம் வைத்திராதது: 1000 ரூபாய். லைசன்ஸ் எடுக்காமலே ஓடினால் குற்றம் வேறு: 25,000 ரூபாயும் நீதிமன்றமும். வீதியில் நின்று எழுதும் அவசரத்தில் ஒன்று மற்றதாக மாறிவிடலாம். காப்புறுதியிலும் இதே கதை. காப்புறுதி இருக்கிறது, சான்றிதழ்தான் வீட்டில் என்றால் அதை வீதியிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். கம்பனிக்குப் போன் எடுத்தால் பெரும்பாலும் சான்றிதழின் பிரதியை அனுப்புவார்கள்.

வீட்டுக்குப் போனதும் பத்திரத்தை மறுபடி பாருங்கள். கைவசம் இல்லாதது "இல்லாமல் ஓடியது" என்று எழுதப்பட்டிருந்தால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலேயே, மூலப் பத்திரங்களோடு அந்தப் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய்ப் பொறுப்பதிகாரியைச் சந்தியுங்கள். அங்கே சரிவராவிட்டால், இது கட்டாயம் வழக்காட வேண்டிய விடயம். சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. மறித்த நாளில் செல்லுபடியாக இருந்த லைசன்ஸையோ காப்புறுதியையோ நீதவானிடம் காட்டினால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. திகதியில்தான் கவனம் வேண்டும். மறித்த பிறகு ஓடிப்போய் எடுத்த காப்புறுதி ஒன்றுக்கும் உதவாது. சான்றிதழில் தொடங்கிய திகதி மட்டுமல்ல, பல வேளை நேரமும் இருக்கும்.

கட்டிவிட வேண்டியவை

ஹெல்மெற் இல்லை, பின்னால் இருந்தவருக்கு ஹெல்மெற் இல்லை, ரக்ஸ் முடிந்துவிட்டது, சைலன்சரை மாற்றியிருக்கிறீர்கள். இவற்றில் வாதாட ஒன்றுமில்லை. "கோயிலுக்குத்தான் போனனான்", "மாமியை ஆஸ்பத்திரியில் விட்டுட்டு வந்தனான்" என்பதெல்லாம் காரணமே ஒழிய, குற்றம் நடக்கவில்லை என்பதற்குச் சான்று இல்லை. நீதவானுக்கு மனம் இளகினாலும், நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் அதைச் சொல்கிறீர்கள். தபாலகத்தில் 1000 ரூபாயோடு முடிய வேண்டியது நீதிமன்றத்தில் அதைவிடக் கூடலாம். நீதவான் விதிக்கும் தண்டம் பத்திரத்தில் உள்ள தொகையோடு நிற்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

பத்திரத்தில் எழுத்துப் பிழை இருந்தால் வழக்குத் தள்ளுபடி என்று சந்தியில் சொல்லுவார்கள். அதை நம்ப வேண்டாம். பெயரில் ஒரு எழுத்து, வீதியின் பெயர் போன்ற பிழைகளைத் திருத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வாகன இலக்கமே வேறொருவருடையது, பத்திரத்தில் எழுதிய நேரத்தில் நீங்கள் வேறு ஊரில் நின்றீர்கள், அதற்கு ரசீது இருக்கிறது என்றால் அது பிழைதிருத்தம் அல்ல, வாதம்.

வழக்காடத் தக்கவை

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பத்திரத்தில் எழுதிய அந்தக் குற்றம் நடக்கவில்லை என்று என் வாயால் அல்லாமல் வேறு எதால் காட்டலாம்? பதில் இருந்தால் தொடருங்கள். உங்கள் சொல்லும் உத்தியோகத்தரின் சொல்லும் மட்டும்தான் என்றால், வெல்லவே முடியாது என்றில்லை, ஆனால் கடினம்.

வெள்ளைக்கோடு. தொடர்கோட்டைத் தாண்டி முந்தியதாக எழுதினால் அது வீதி ஒழுங்கு, 2000 ரூபாய். கோடு அழிந்துபோன இடங்களும், புதிதாகக் கார்ப்பெற் போட்டுக் கோடு கீறாத துண்டுகளும் எங்கள் வீதிகளில் உண்டு. அப்படியான இடத்தில் என்றால் படம் பேசும். அதுவும் அன்றைக்கே எடுத்த படம். ஒரு கிழமை கழித்துப் போனால் கோடு கீறியிருப்பார்கள்.

வேகம். நகர்ப்புறத்தில் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. ஓட்டோவுக்கு எங்கும் 40. கண்டி வீதியில் வீடுகள் முடிந்து வெளி தொடங்கும் இடம், வெளி முடிந்து மறுபடி சந்தி தொடங்கும் இடம் என்று எல்லை மாறிக்கொண்டே இருக்கும். 62 இல் போனவர் 50 எல்லைக்குள் நின்றாரா 70 எல்லைக்குள் நின்றாரா என்பதுதான் வழக்கே. கருவி காட்டிய எண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் போன வாகனம் எது, பின்னால் வந்தது எது என்பதையும் குறியுங்கள். பல வாகனங்கள் ஒன்றாக வந்தபோது அந்த எண் யாருடையது என்பது நியாயமான கேள்வி.

சைகை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதித் தடைகள் இருக்கும். ஒரு உத்தியோகத்தர் போகச் சொல்ல, அடுத்தவர் மறித்து எழுதுவது நடக்கும். அந்த நேரம் பின்னால் இருந்தவர், பக்கத்தில் நின்ற கடைக்காரர் சாட்சி சொல்ல வருவார்களா என்று அன்றைக்கே கேட்டுப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துத் தேடினால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

நிறுத்தியது. தடைப்பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைந்திருந்தால், வண்டி நின்ற இடத்திலிருந்தும் பலகைக்கு நேரே நின்றும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பலகை மட்டும் உள்ள படத்தால் பயனில்லை. ஒரு சாரதியின் கண்ணுக்கு அது தெரிந்ததா என்பதைத்தான் படம் காட்ட வேண்டும்.

அன்றைக்கே செய்ய வேண்டியது

பொலிஸோடு வீதியில் வாக்குவாதப்பட வேண்டாம். அங்கே வென்றாலும் பத்திரம் பத்திரம்தான், தோற்றால் இன்னொரு குற்றமும் சேரலாம். காசு கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். கொடுப்பதும் இலஞ்சக் குற்றம். அவர்கள் கேட்டால் இலஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

அடுத்த வளைவில் ஓரமாக நின்று ஒரு தாளில் எழுதுங்கள்: நேரம், வெளிச்சம், மழையா வெயிலா, உத்தியோகத்தர் எந்தப் பக்கம் நின்றார், அவருக்கும் உங்களுக்கும் நடுவில் பஸ்ஸோ மதிலோ இருந்ததா, அவர் சொன்ன வார்த்தை, நீங்கள் சொன்ன வார்த்தை. சந்தியை ஒரு படமாகக் கீறி அம்புக்குறி போடுங்கள். படம் அழகாக இருக்கத் தேவையில்லை, வடக்கு எது என்று மட்டும் சரியாகக் குறியுங்கள். பிறகு நடந்தே திரும்பிப் போய், உத்தியோகத்தர் நின்ற இடத்திலிருந்து நீங்கள் வந்த பக்கத்தைப் படம் எடுங்கள். வழக்கில் அதிகம் உதவுவது இந்தப் படம்தான், எல்லாரும் எடுக்க மறப்பதும் இதைத்தான்.

கடைக் கமெராவில் பதிந்திருந்தால் அடுத்த நாளே கேளுங்கள். சில நாளிலேயே பழையது அழிந்து புதியது பதியும். காணொளியைச் சான்றாகத் தருவதற்கு ஒரு முறை இருக்கிறது. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி, விளக்கத்துக்கு (நீதிமன்றம் சாட்சிகளை விசாரிக்கும் நாளுக்கு) 45 நாளுக்கு முன்னரே அதைப் பற்றி மற்றத் தரப்புக்கு அறிவிக்க வேண்டும். விளக்க நாளில் போனை நீட்டி "இதைப் பாருங்கோ ஐயா" என்றால் பார்க்காமலே விடலாம். மூலப் பதிவை அழிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி மட்டும் இருந்தால் கேள்வி எழும்.

எவ்வளவு போகும்?

2000 ரூபாய்த் தண்டத்துக்குச் சட்டத்தரணி வைத்தால் ஒரு தவணைக் கட்டணமே அதை மிஞ்சிவிடும். வழக்கு ஒரு தவணையில் முடியாது. குற்றச்சாட்டு வாசிக்க ஒரு நாள், விளக்கத்துக்கு ஒரு நாள், அன்று சாட்சி வராவிட்டால் இன்னொரு நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலை வேலையோ கம்பஸோ போகும். இத்தனை காலமும் லைசன்ஸ் உங்கள் கையில் இல்லை. தற்காலிக அனுமதியை நீட்டித் தரும்படி ஒவ்வொரு தவணையிலும் கேட்டு வாங்க வேண்டும். வண்டியை நம்பி உழைக்கிற பிள்ளைக்கு இதுதான் பெரிய செலவு.

எனவே வெறும் காசுக் கணக்கில் பார்த்தால் சிறு தண்டத்துக்கு வழக்காடுவது நட்டம். அப்படியிருந்தும் வழக்காடத்தான் வேண்டும் என்று நாங்கள் சொல்வது மூன்று நிலைகளில். குற்றம் பெரிதாக மாற்றி எழுதப்பட்டிருந்தால். அதே சம்பவத்தில் ஒரு விபத்து இருந்து, நட்டஈட்டு வழக்கோ காப்புறுதிக் கோரிக்கையோ பின்னால் வரும் என்றால், "தண்டம் கட்டினான்" என்பதை மற்றவர் பிடித்துக்கொள்வார். பொலிஸ் உங்களை அடித்தது, ஏசியது, வேண்டுமென்றே எழுதியது என்றால். இந்தக் கடைசி விடயத்துக்கு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகமும் 1996 இலக்கமும் உண்டு. அந்த முறைப்பாடு வேறு, தண்டத்தின் 14 நாள் வேறு. முறைப்பாடு போட்டால் தண்டக் கணக்கு நின்றுவிடாது.

வெளிநாடு போக ஆயத்தப்படுகிறவர்கள் இன்னொன்றையும் யோசியுங்கள். பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்கும் நேரத்தில் நிலுவையில் ஒரு வழக்கோ பிடியாணையோ இருந்தால் தலையிடி. விசா நேரம் கிட்டிவிட்டது, தண்டம் 1000 ரூபாய், சான்றும் பலமில்லை என்றால் கட்டிவிட்டுப் போவதுதான் நல்லது.

வழக்காடுவது என்று முடிவெடுத்தால்

14 நாளுக்குள் தண்டம் எழுதிய பொலிஸ் நிலையத்துக்குப் போய், கட்டப் போவதில்லை, நீதிமன்றத்தில் பதில் சொல்ல விரும்புகிறேன் என்று போக்குவரத்துப் பிரிவில் சொல்லுங்கள். எந்த நீதிமன்றம், எந்தத் திகதி என்று கேட்டு எழுதுங்கள். மறித்த இடத்தைப் பொறுத்து நீதிமன்றம் மாறும், உங்கள் வீடு எங்கே என்பதைப் பொறுத்து அல்ல. சுன்னாகம், தெல்லிப்பழைப் பக்கம் என்றால் மல்லாகம். கொடிகாமம் என்றால் சாவகச்சேரி. நெல்லியடி, வல்வெட்டித்துறை என்றால் பருத்தித்துறை. வேலணை என்றால் ஊர்காவற்றுறை. அழைப்பாணை பழைய விலாசத்துக்குப் போய், உங்களுக்குத் தெரியாமலே தவணை தவறுவது அடிக்கடி நடக்கும். லைசன்ஸில் உள்ள விலாசத்தில் இப்போது இல்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லி வையுங்கள்.

தவணை நாளில் எட்டரைக்கே போய்விடுங்கள். சேர்ட், நீளக் காற்சட்டை, சப்பாத்து. பெண் பிள்ளைகளுக்கும் நேர்த்தியான உடை. போனை நிறுத்தி வையுங்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏற வேண்டும். குற்றச்சாட்டை வாசித்துக் காட்டிக் குற்றவாளியா சுற்றவாளியா (குற்றம் செய்யாதவரா) என்று கேட்பார்கள். இங்கே பலர் பதறி "ஓம் ஐயா, ஆனால்..." என்று தொடங்குகிறார்கள். "ஓம்" என்றால் குற்றத்தை ஏற்றதாகி, அந்த நிமிடமே தண்டம் விதித்து வழக்கு முடிந்துவிடும். வழக்காட வந்தவர் சொல்ல வேண்டியது ஒரே சொல்: "சுற்றவாளி." விளக்கம் சொல்ல வேறு நாள் இருக்கிறது. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ், ஆகவே மொழிக்குப் பயப்படத் தேவையில்லை. வாசித்தது விளங்காவிட்டால் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

விளக்க நாளில் முதலில் பொலிஸ் சாட்சி. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அவர்கள் தரப்பு. உங்களிடம் சட்டத்தரணி இல்லாவிட்டால் குறுக்குக் கேள்வியை நீங்களே கேட்கலாம். கேள்வி சிறிதாக இருக்கட்டும், ஒன்றில் ஒரு விடயம்: "நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள்?" "அங்கேயிருந்து கோடு தெரிந்ததா?" "நடுவில் பஸ் நின்றதா?" "பொய் சொல்றீங்கள்தானே?" என்று கேட்காதீர்கள். ஒரு பயனும் இல்லை, நீதவானின் பொறுமையும் போகும். அதற்குப் பிறகு நீங்கள் சாட்சியம் அளிக்கலாம், உங்கள் சாட்சிகளைக் கூப்பிடலாம்.

ஒரு தவணைக்கும் போகாமல் விடாதீர்கள். காய்ச்சல் என்றால் மருத்துவச் சான்றிதழோடு வீட்டுக்காரர் ஒருவரை அனுப்புங்கள். போகாவிட்டால் பிடியாணை பிறக்கும், அதற்குப் பிறகு கதை 2000 ரூபாயைப் பற்றியதாக இருக்காது.

தீர்ப்புப் பாதகமாக வந்து அதில் பிழை இருப்பதாக நினைத்தால் 14 நாளுக்குள் மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குச் சட்டத்தரணி வேண்டும். விடுதலை கிடைத்தாலும் சரி, தண்டம் கட்டினாலும் சரி, லைசன்ஸ் தானாக வீட்டுக்கு வராது. தபாலகத்தில் கட்டியவர் பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்கும், வழக்கு முடிந்தவர் வழக்கு இலக்கத்தோடு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்கும் போய்க் கேட்டு வாங்க வேண்டும். கையில் தந்ததும் பெயரையும் செல்லுபடியாகும் திகதியையும் பாருங்கள். இலாச்சியில் கிடந்த காலத்தில் காலாவதியாகியிருந்தால், புதுப்பித்த பிறகுதான் வண்டியை எடுக்கலாம்.